பத்துக்கு ஏழு

ஏழு என்று ஏன் சொன்னேன். நாலு என்று சொல்லியிருக்கலாம், மூன்றுகூடச் சொல்லியிருக்கலாம், சத்தியமாக ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முந்தாநாள் காலை, இதே மூன்றாம் பாத்தி ஓரம், மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் பூவுக்கு முன்னால் குத்துக்காலிட்டிருந்தேன், "என்னம்மா வேதா, சிவப்பு பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார், ஏழு மாமா என்றேன். இந்த ஐரிஸ் பூ கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. நேற்றும் கத்தரிக்காய்தான், இன்று வெயில் கொஞ்சம் உறைத்து அடிக்கிறதே, இப்போதாவது ஒரு சாயல் தெரியுமா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன், இன்றும் கத்தரிக்காய்தான். பெங்களூரிலிருந்து, பூக்கண்காட்சிகளில் மார்க் போடுகிற வத்சலா மேடம் பதினொரு மணிக்கு வருகிறார். மணி ஒன்பதே கால். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நான் ஒரு பொய்க்காரி என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும், அதுவும் ஒருநாள் பொய்யா, ஆறு வருஷப் பொய். காலையில் இட்லி இறங்கவில்லை. இந்த லட்சணத்தில் பூவுக்குப் பக்கத்தில் முளைத்த களையை வேறு பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், மேடம் வந்து பார்த்தால் பாத்தி சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

"ரெண்டாவது மொட்டு விரிஞ்சிருச்சாம்மா?" என்கிறார் பின்னாலிருந்து. விரிஞ்சிருச்சு மாமா. "நல்லதாப் போச்சு. மொதப் பூ வாடுன மாதிரி இருந்தா அவங்களுக்குப் பிடிக்காது." இன்றைக்கு முகச்சவரம் செய்திருக்கிறார், தாடைக்குக் கீழே ஒரு கீற்று சோப்பு காய்ந்திருக்கிறது, சொல்ல மனம் வரவில்லை. கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர், ஊரில் யாருக்கு எந்த எண் என்பது இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும், அந்த ஞாபகத்தில்தான் முந்தாநாள் சாயங்காலம், கண் தெரியாவிட்டாலும், போனைத் தடவித் தடவி வத்சலா மேடத்தின் எண்ணைத் தானே அழுத்திவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். வந்து பார்ப்பதற்குள் "ஏழு மேடம், எங்க வேதா கண்ணு கணக்கா இருக்கும், அவ ஏழுன்னா ஏழு" என்று பேசிக்கொண்டிருந்தார். போட்டோ அனுப்பச் சொன்னார்களாம். டவர் இல்லை மாமா என்று ஒரு நாள் ஓட்டினேன். போட்டோ வராததால் என்ன ஆயிற்று, நேரிலேயே வருகிறேன் என்றுவிட்டார். என் கெட்டிக்காரத்தனம் எப்போதும் இந்த அழகில்தான் முடியும். ஐரிஸ் பூவில் மஞ்சள் உண்டு, வெள்ளை உண்டு, நீலம், ஊதா, செம்பு, கறுப்புக்குக் கிட்ட போகிற ஒரு ஊதா, எல்லாம் உண்டு, தக்காளிச் சிவப்பு மட்டும் கிடையாது, உலகத்தில் யாருக்கும் வரவில்லை என்று மாமாதான் எனக்குக் கல்யாணமான புதிதில் சொன்னார். யாருக்கும் வராதது உங்களுக்கு மட்டும் ஏன் மாமா வர வேண்டும் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். புது மருமகள், கேட்கவில்லை.

கேட்கவே இல்லை. என் வீட்டுக்காரர் இளம்பரிதி கேட்பார். "அப்பா, ஒரு பூவுக்கு மூணு வருஷம் உக்காந்திருக்கீங்களே, அதுக்குள்ள பக்கத்து வீட்டு ராசையா ஒம்பது தடவ முட்டைக்கோஸ் எடுத்துருவாரு" என்று சிரிப்பார், மாமாவும் சிரிப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், பனி, பைக், எதிரே லாரி. அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த நினைப்பைப் போக விடமாட்டேன், வளைவுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன், நிறுத்திப் பழகிவிட்டது. மாமா சாப்பாட்டை விட்டது அதற்குப் பிறகு. அழுதிருந்தால் தேவலை, அழவில்லை, தட்டைத் தள்ளிவைப்பார். அதற்கு ஒரு வருஷம் முன்பே பார்வை போக ஆரம்பித்திருந்தது, கண்ணில் அழுத்தம், நரம்பு செத்துக்கொண்டே வருகிறது என்றார்கள், உருவம் தெரியும் நிறம் தெரியாது என்ற கட்டம். இப்போது உருவமும் இல்லை, வெயில் அடிக்கிறதா மேகம் மூடுகிறதா என்பது மட்டும்தான். பங்குனியில் பூக்கள் விரிந்தன. அவரை யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து பாத்தியில் நின்றார். ஒரு ஊதாப் பூ. "கீழ் இதழ்ல சிவப்பு தெரியுதா பாரும்மா" என்றார். ஒரு மாசத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. நான் பார்த்தேன். தெரியுது மாமா, லேசா, என்றேன். "பத்துக்கு?" ரெண்டு போடலாம் மாமா. அன்றைக்கு மத்தியானம் ரசம் விட்டுப் பிசைந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன், இளம்பரிதி செத்ததற்கு அழுதேனா சோறு இறங்கியதற்கு அழுதேனா தெரியாது. அந்த ரெண்டு ஒரு கவளச் சோற்றுக்காகச் சொன்னது. அது அத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் பூ வளர்க்கிறவரிடம் சொன்ன பொய் அத்தோடு போகாது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அந்த ரெண்டை எடுத்து இன்னொரு பூவின் மகரந்தத்தோடு சேர்த்தார். விதை எடுத்தார், முளைத்தது, மூன்றாம் வருஷம் பூத்தது. ரெண்டிலிருந்து பிறந்த பூ ஒன்றாக இருக்க முடியுமா, அதனால் நாலு என்றேன். நாலை எடுத்து வேறொரு பூவோடு சேர்த்தார். இப்போது ஏழு. பாத்தியில் இருக்கிற செடியில் முக்கால்வாசி என் வாயிலிருந்து முளைத்தவை.

ஓசூரிலிருந்து ஷகீலா நேற்றும் போன் பண்ணினாள். என்னோடு பத்தாவது வரை படித்தவள், பாலித்தீன் கூடாரம் போட்டு ஜெர்பெராப் பூ வளர்க்கிறாள், ஆள் வேண்டும், நம்பிக்கையான ஆள். "வேதா, இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிரணும். நீ வர்றியா இல்ல வேற ஆளப் பாக்கவா? போன பங்குனியிலயும் இதத்தான் சொன்னே, பூ முடியட்டும் பூ முடியட்டும்னு." பூ எங்கே முடிகிறது. இந்த வேலையில் முடிகிற வருஷம் என்று ஒன்று கிடையாது, அதுதான் இதில் உள்ள சூட்சுமம், ஷகீலாவுக்குச் சொன்னால் புரியாது. இந்தப் பங்குனியில் பூப்பது மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்த்தது, இந்தப் பங்குனியில் சேர்ப்பது மூன்று வருஷம் கழித்துப் பூக்கும், போன வருஷம் சேர்த்தது இன்னும் புல் மாதிரி நிற்கிறது, ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கும், பாதியில் நிற்பதை விட்டுவிட்டு எப்படிப் போவது. அவள் கூடாரத்தில் செடி வைத்த மூணாம் மாதம் பூவை வெட்டி அட்டைப் பெட்டியில் அடுக்குவார்களாம். மூணு மாசம். எனக்கு அதைக் கேட்டபோது வாயில் எச்சில் ஊறியது, சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ஒரு ஜன்னல் வைத்த அறை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், என்ன நிறம் என்று கேட்கமாட்டார்கள். நாற்பத்தொரு வயதாகிறது எனக்கு. பிள்ளை இல்லை. மாமா கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பேன். ஒருநாளும் இரு என்று சொன்னதில்லை அவர், அதுதான் தொல்லை. போன வாரம்கூட அவரேதான் சொன்னார், "இந்தத் தடவ சிவப்பு ஏறலேன்னா நிறுத்திருவோம்மா. கெழங்கெல்லாம் தோண்டிக் குடுத்துருவோம். எங்க தங்கச்சி வத்தலக்குண்டுக்கு வா வாங்குது, நான் அங்க இருந்துக்குவேன். நீ அந்த ஓசூர் புள்ளகிட்டப் போ." எனக்குக் கிடைக்கக்கூடிய எல்லாமே அந்த ஒரு பேச்சில் இருந்தது. பூஜ்யம் மாமா, ஏறவே இல்லை. அவ்வளவு சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். ஏழு என்றேன்.

அவர் கை, அதுதான். கேள்வியைக் கேட்டுவிட்டு வலது கையை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார், கோயிலில் பிரசாதத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. வேண்டுமென்றே செய்வதில்லை, பழக்கம். அந்தக் கையைப் பார்த்துத்தான் ஏழு வந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம், பூவைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கலாம். இப்போது இதோ கையில் கத்தரிக்கோல் இருக்கிறது, களை எடுக்க வந்தவளுக்குக் கத்தரி எதற்கு, அதை நானே கேட்டுக்கொள்ள வேண்டும். காம்போடு ஒரு வெட்டு. காட்டெருமை வந்து மிதித்துவிட்டது என்று சொல்லலாம், போன வாரம்தான் வேலியைச் சாய்த்துக்கொண்டு ஒன்று வந்து ராசையாவின் கோஸைத் தின்றுவிட்டுப் போனது, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் பேச்சியக்கா அதோ கீழ்ப் பாத்தியில் மண் அணைத்துக்கொண்டிருக்கிறாள், பகல் ஒன்பதரை மணிக்கு எந்தக் காட்டெருமை அவளுக்குத் தெரியாமல் வரும். பேச்சியக்காவுக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் கேட்டாள், "ஏந்தாயி, கத்தரிப்பூக் கலர்ல இருக்கறத போயி செவப்புங்குறியே?" ஒரு மாதிரி சிவப்புதான் அக்கா என்றேன். "அப்ப சரி, நமக்கென்ன" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படியே வெட்டினாலும் என்ன பயன், கிழங்கு இருக்கிறது, அடுத்த பங்குனியில் இதே கத்தரிக்காய் திரும்ப வரும், அவரும் ஒரு வருஷம் காத்திருப்பார், நானும் ஒரு வருஷம் காத்திருப்பேன். கத்தரியை முந்தானைக்குள் செருகிக்கொள்கிறேன்.

"பனி காஞ்சிருச்சாம்மா? காஞ்சிருந்தா அந்த மஞ்சளையாவது சேத்துரு, மணி பத்தாகுது." காய்ந்துவிட்டது. இது வேறு பூ, சிவப்புக்குச் சம்பந்தமில்லாதது, சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்க்கச் சொல்கிறார். மஞ்சள் பூவின் கீழ் இதழ் மூன்றையும் கிள்ளிவிடுகிறேன், உட்கார இடம் இல்லையென்றால் தேனீ வராது. புருவம் திருத்துகிற ட்வீசரால் வெள்ளைப் பூவின் மகரந்தப்பையைப் பிடுங்கி வந்து, மஞ்சளில் அந்தச் சின்ன உதடு மாதிரி மடிந்திருக்கிற இடத்தில் தடவ வேண்டும், கண்ணுக்கு மை இடுகிற அளவு. என் கை நடுங்காது, இந்த ஒரு வேலையில் மட்டும் நடுங்காது. அட்டையில் எழுதிக் காம்பில் கட்டுகிறேன், தாய் பெயர் முதலில், அப்புறம் தகப்பன் பெயர், ஐரிஸ்காரர்கள் வழக்கம் அப்படி. கட்டி முடித்த பிறகுதான் உறைக்கிறது, கடவுளே, இன்றைக்கும் ஒன்றைச் சேர்த்துவிட்டேன், இதுவும் மூணு வருஷம். வத்சலா மேடம் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிற நாளில்கூட நான் மூணு வருஷத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன். அட்டையை அவிழ்க்கலாமா என்று கை போகிறது, போய்த் திரும்பி வருகிறது. இதில் இன்னொரு அசிங்கமும் இருக்கிறது, ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்த மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து என்ன வரும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

போட்டு உடைக்கட்டும். நல்லதுதானே. திடீரென்று இது ஏன் எனக்கு இத்தனை நேரம் தோன்றவில்லை. வத்சலா மேடம் முகதாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை, மாமாவே சொல்லியிருக்கிறார், ஏதோ ஒரு கண்காட்சியில் ஒரு ரிட்டயர்ட் கர்னல் ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்த பூவைப் பார்த்து, "இதப் புடுங்கிக் குப்பையில போடுங்க, எடமாவது மிஞ்சும்" என்றாராம், கர்னல் அதற்குப் பிறகு நாய் வளர்க்கப் போய்விட்டாராம். அப்படிப்பட்டவர் வருகிறார். வந்து குனிந்து பார்ப்பார், இது சிவப்பே இல்லை சார், சாதாரண ஊதா என்பார். நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. என் வாயால் முடியாதது அவர் வாயால் நடக்கும். மாமா இடிந்துபோவார். சாப்பாட்டைத் தள்ளிவைப்பாரா. ஒருநாள், இரண்டு நாள். இல்லை, வெறுமனே என் பக்கம் முகத்தைத் திருப்பி, ஏம்மா என்று ஒரு வார்த்தை கேட்பார். ஆனால் கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடுவேன், நீங்கள் அன்றைக்குச் சோறு சாப்பிட வேண்டும் என்று சொன்னேன் மாமா, அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள், நான் போகிறேன். ஆறு வருஷத்தில் அவரிடம் சொல்லக்கூடிய முதல் நிஜம். சொன்ன பிறகு அவர் அடித்தாலும் சரி. வீட்டுக்குள் போய்ப் புடவை மாற்றிக்கொள்கிறேன், தலையை வாரிக்கொள்கிறேன், காபிக்குப் பால் வைக்கிறேன். பயம்தான், ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஒன்று ஓடுகிறது, பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிக்கப்போகிற நேரத்து உணர்ச்சி. சீக்கிரம் வாங்க மேடம். மலைப்பாதையில் பத்திரமாக, ஆனால் சீக்கிரம் வாங்க.

பதினொன்றரைக்கு வெள்ளைக் கார் வந்தது. வத்சலா மேடம் நான் நினைத்ததைவிடக் குள்ளம், அறுபத்தைந்து வயதிருக்கும், கான்வாஸ் ஷூ, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி. மாமா எழுந்து கையை நீட்டினார், மேடம் நின்றது இந்தப் பக்கம், கை நீண்டது அந்தப் பக்கம். மேடம் அந்தக் கையையே பார்த்தார். மாமாவின் கண்ணைப் பார்த்தார். போனில் தன் பார்வை போனதை மாமா சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சுற்றிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றார், காரிலிருந்து இறங்கும்போது பேசிய குரல் இல்லை அது. மூன்றாம் பாத்திக்குப் போனோம். "இதான் மேடம்" என்று மாமா காட்டினார், பூவைத் தேடாமல் சரியாகக் காட்டினார், அவருக்கு அந்த இடம் அத்துப்படி. மேடம் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், கீழ் இதழை விரலால் தூக்கி வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். தாடைக்குக் கீழே சோப்பு அப்படியே இருக்க மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்லுங்கள் என்று பார்த்தேன். என் முகத்தில் இருக்கிற அத்தனையையும் திரட்டி, தயவுசெய்து சொல்லிவிடுங்கள், இல்லை என்று சொல்லிவிடுங்கள், என்னால் முடியவில்லை, உங்கள் காலில் விழுகிறேன், சொல்லிவிடுங்கள் என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் லேசாகத் தலையை ஆட்டினார், புரிகிறது என்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

"சிவப்புதான் சார்" என்றார் வத்சலா மேடம். மாமா நாற்காலியின் கைப்பிடியைத் தேடினார், நான்தான் நகர்த்திக் கொடுத்தேன், உட்கார்ந்தார். "பத்துக்கு எத்தனை போடுவீங்க மேடம்?" என்றார். "எட்டு தாராளமாப் போடலாம்." மாமா சிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை, பல் எல்லாம் தெரிய, இளம்பரிதி சிரிப்பது போலவே. "எங்க வேதா ஏழுதான் போட்டா மேடம். அவ எப்பவும் மார்க்குல கொஞ்சம் இறுக்கம்." காபி குடித்தார்கள். எதோடு சேர்க்கலாம் என்று பேசினார்கள், அந்தச் செம்பு நிறத்தோடு சேர்த்தால் முழுச் சிவப்பு வந்துவிடும் என்றார் மாமா, வரும் சார், வரணும் என்றார் மேடம். "எனக்கு எழுபத்தெட்டு ஆகுது. எம்பத்தொண்ணுல பாத்துருவேன். பாக்கறது என்ன, வேதா பாத்துச் சொல்லுவா" என்றார். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். மேடம் கிளம்பும்போது வாசல்வரை கூட வந்தேன். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார், கை கதகதப்பாக இருந்தது. "நான் இந்த விஷயத்துல பொய் சொன்னதே இல்லம்மா. இன்னிக்குத்தான் முதல் தடவ. நீங்க என்னைப் பாத்தீங்களே ஒரு பார்வை, அதுக்கப்பறம் வேற என்ன சொல்ல முடியும்" என்றார். "நீங்க அவருக்குச் செய்யறது பெத்த பொண்ணுகூடச் செய்யமாட்டா. விட்டுறாதீங்க." உள்ளேயிருந்து, வேதாம்மா, வெயில் எறங்குறதுக்குள்ள சேத்துருவோம் வா என்று மாமா கூப்பிட்டார்.

ரொம்ப நன்றி மேடம் என்றேன்.